மந்திரியிடம் சொல்லாத ஒரு வார்த்தை

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதியோர் பள்ளியில் இந்த வருஷம்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். 'அருளப்பன்' என்று யாரையும் கேட்காமல் எழுதிவிட்டதில் எனக்கு ஒரே சந்தோஷம். அவர் இறந்துபோன சேதியைப் போன வாரம் ஜீப் டிரைவர் எங்கள் மலையூரான புதூர்நாட்டுக்குக் கொண்டுவந்தார்.

உங்களில் பலருக்கு அவர் மந்திரியின் உதவியாளர். அதற்கு முன்பே எங்களுக்கு அவரைத் தெரியும். ஜெயிலில் கிடக்கும் மலைக்காரர்களுக்காக வழக்காட வந்த மனித உரிமைச் சங்கத்துக்காரர்.

என் தம்பி சடையன், சந்தனமரம் வெட்டியதாக உள்ளே இருந்தான். வெட்டியது அவனில்லை. எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் கேட்டால் மறுத்துப் பேசுவதில்லை. ஒத்துக்கொண்டு விழுந்து கும்பிட்டால் அன்றைக்கே பேச்சு முடிந்துவிடும். கோர்ட்டும் அப்படித்தான் என்று நினைத்து, ஜட்ஜிடம் "ஆமாங்க" என்று கும்பிட்டிருக்கிறான்.

"செய்யாதத இன்னாத்துக்குய்யா ஒத்துக்கின?" என்று ஜெயிலில் அவனைப் பார்த்துக் கேட்டார் அருளப்பன்.

"அம்மாம் பெரிய மனுசன் கேக்குறாரு. இல்லன்னு சொன்னா மூஞ்சி சுளிப்பாரேங்க."

அருளப்பன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மேல்கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

அது முடிவதற்குள் அவருக்கு மந்திரியிடம் வேலை வந்துவிட்டது. மந்திரி திருப்பத்தூர் வந்த அன்று நானும் சடையன் பெண்சாதியும் மலையிறங்கிப் போனோம்.

"மந்திரி காதுல ஒரு வார்த்த போடுங்க சார், அவன் வூடு வந்துடுவான்" என்றேன்.

"போட்டா வுட்டுருவாங்க. ஆனா திருடன மன்னிச்சு வுட்டோம்னுதான் சொல்லுவாங்க. கொஞ்சம் பொறுங்க, அவன் திருடலன்னு கோர்ட்டே சொல்லட்டும்."

"உங்களுக்கு இன்னாங்க, கார்ல போறீங்க. நான் ஒண்டியா கொல்லக்காட்டுல மாரடிக்கிறேன்" என்று சடையன் பெண்சாதி அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் தலைகுனிந்து நின்றார். மந்திரியிடம் சொல்லவில்லை.

சடையன் குற்றமற்றவன் என்று தீர்ப்பு வருவதற்குள் இன்னொரு அறுவடையும் போய்விட்டது. வெளியே வந்தவன் அவரிடம் பேசவில்லை. அவர் மலைக்கு வந்தால் இவன் காட்டுப் பக்கம் போய்விடுவான். "அவன் கோபம் நியாயந்தான்" என்பார் அருளப்பன். ஆனால் தான் செய்தது தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. எது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சுலபமாகக் கொடுத்துவிடக்கூடியதைக் கொடுக்காமல், திட்டையும் வாங்கிக்கொண்டு நின்ற அந்த மனிதரைத்தான் நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

சேதி வந்த அன்று சடையன் யாரிடமும் சொல்லாமல் போய், பங்காளி செத்தால் போடுவதுபோல மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாண்ணா, இன்னும் அந்த வரியிலயே நிக்கிற?" என்கிறான்.

அவரைப் பற்றி அவனுக்கும் சொல்ல இருக்கிறதாம். அடுத்த வாரம் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.