வலையில் தொங்கிய இராசா

அறுபத்திரண்டாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு முற்பகல், மாங்குளம் சந்தித் தேநீர்க்கடை வாங்குப் பலகையில், இரண்டு வெளிநாட்டு மாணவர்களுக்கு நடுவே காவற்காரன்போல உட்கார்ந்திருந்தேன். ஒருவன் ஜேர்மன்காரன், மற்றவன் கானா நாட்டான். நீர்ப்பாசனம் படிக்க இலங்கைக்கு வந்தவர்கள். இரணைமடுக் குளத்தைப் பார்த்து முடித்து, முல்லைத்தீவுக் கடலையும் பார்க்க ஆசைப்பட்டார்கள். கிளிநொச்சியில் ஆங்கிலம் படிப்பிக்கிற நான் துணைக்குப் போனேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் போனேன்.

காரணம் இருந்தது. கொழும்புத் தெருவில் எவனோ ஒருவன் போத்தல் கண்ணாடியை நீலக்கல் என்று கானாக்காரனின் தலையில் கட்டியிருந்தான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உபதேசம் ஊறத் தொடங்கிவிட்டது. தெருவில் வலிய வந்து சிரிக்கிறவனை நம்பாதே. நல்ல ஆங்கிலம் பேசுகிறவனை அதைவிட நம்பாதே. ஜேர்மன்காரன் இவற்றைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். என் மாணவர்கள் செய்யாத காரியம் அது.

வந்தவனோ சிரிக்கவில்லை. ஆங்கிலமும் பேசவில்லை. காலில் காய்ந்த சேறு, தோளில் மண்வெட்டி. மாணவர்களை ஏறிட்டும் பார்க்காமல் நேரே என்னிடம் வந்து, மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்தான்.

“ஐயா படிச்ச ஆள் போலக் கிடக்கு. குளக்கட்டடியில கொத்தேக்க இது வந்தது. என்னெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோவன்.”

மண் அப்பிக் கறுத்துப்போன வட்டக் காசு. உற்றுப் பார்த்தால் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. நான் படித்த சரித்திரப் புத்தகங்களெல்லாம் ஒன்றாக எழுந்து நின்றன. எந்த இராசா, எந்த நூற்றாண்டு, எவன் படையெடுத்தான் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கால்மணி நேரம் பொழிந்து தள்ளினேன். மண்வெட்டிக்காரன் வாயைப் பிளந்து கேட்டான்.

உண்மையான காசுதானா என்று கேட்டான் ஜேர்மன்காரன். சந்தேகமே இல்லை என்றேன். என்ன விலை என்று அவனுக்காக நானே விசாரித்தேன்.

“காசு என்னத்துக்கு ஐயா? வயலுக்குத் தண்ணி திறக்கிற நேரம் பார்க்க வீட்டில ஒரு மணிக்கூடு இல்லை.”

ஜேர்மன்காரன் கையில் கட்டியிருந்தது, ஊரைவிட்டுப் புறப்படும்போது தாய் கட்டிவிட்ட கைக்கடிகாரம். தயங்கி என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். ஆயிரம் வருடப் பழமைக்கு முன்னால் ஒரு கடிகாரம் எம்மாத்திரம்! அவன் வாரைக் கழற்றத் தொடங்கினான்.

“தம்பி, கழட்டாதை!”

வாங்கின் மறு அந்தத்தில், கருவாடு விற்று முடித்து, வெறும் கடகப்பெட்டியோடு முல்லைத்தீவு பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்ணின் குரல் அது. எழுந்து வந்து அவனுடைய மணிக்கட்டையும் பிடித்துவிட்டாள்.

“அக்கா, இது சரித்திரம். உங்களுக்கு விளங்காது,” என்றேன்.

“ஓம் ஐயா, சரித்திரம் விளங்காது. ஈயம் விளங்கும். இஞ்ச தாங்கோ.”

காசை வாங்கி, வாங்கில் விரிந்துகிடந்த குறிப்புப் புத்தகத்தில், என் உபதேசங்கள் எழுதியிருந்த அதே பக்கத்தின்மேல் ஓர் இழுவை இழுத்தாள். சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது.

“பென்சில் மாதிரிக் கீறுது, பாருங்கோ. வலைக்குக் கட்டுற ஈயம். உருக்கி ஊத்திச் சேத்துக்குள்ள தாட்டுப் புதைச்சு எடுத்திருக்கினம். எங்கட வலையில இப்பிடி எத்தினை ராசாக்கள் தொங்கினம், தெரியுமோ?”

திரும்பிப் பார்த்தால் மண்வெட்டியைக் காணோம். இராசாவை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விட்டான். ஜேர்மன்காரன் கடிகாரத்தை இறுக்கிக் கட்டினான். கானாக்காரன் விழுந்து விழுந்து சிரித்து, தன் நீலக்கல்லை இந்த இராசாவின் முடியில் பதிக்கலாமே என்றான். என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

பஸ்ஸில் மாணவர்கள் இருவரும் அந்த அக்காவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கும் அவர்களுக்கும் பொதுவான ஒரு சொல்கூட இல்லாமலே மூவரும் முல்லைத்தீவுவரை கதைத்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். இரண்டு மொழி தெரிந்த நான், பின் ஆசனத்தில் வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதுவும் நல்ல பயணமாகத்தான் இருந்தது.

அந்தக் காசு இன்றும் என் மேசையில் கிடக்கிறது. யாராவது “ஐயா படிச்ச ஆள்” என்று தொடங்கினால், அதை எடுத்துத் தாளில் ஒரு கோடு இழுத்துக்கொள்வேன். அன்று அந்த மண்வெட்டிக்காரன் மாணவர்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதும், அவன் பேச வேண்டியதையெல்லாம் நானே நல்ல ஆங்கிலத்தில் பேசி முடித்திருந்தேன் என்பதும் அந்தச் சாம்பல் கோட்டில் எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.