கேட்காமல் அனுப்ப மாட்டேன்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று புது ஷூவின் டிசைன் ஃபைல்களை எங்கள் மேல்விஷாரம் யூனிட் சர்வருக்கு அனுப்பக் கமாண்ட் அடித்தேன். அது எங்கள் சர்வர்தான் என்று காட்டும் எழுத்துக்கோவையான அடையாளச் சாவி மாறியிருக்கிறது, நடுவில் யாராவது புகுந்திருக்கலாம் என்று எச்சரிக்கை வந்து நின்றுவிட்டது.

"பழைய சாவிய அழிச்சிட்டு அனுப்பும்மா. அங்க தோல் கட்டிங் வேலை நிக்குது, பேஜார் பண்ணாத," என்றார் மேனேஜர்.

"அங்க கேக்காம அனுப்ப மாட்டேன் சார்."

"இன்னாம்மா, என்னையே எதுத்துப் பேசற?"

ஆனாலும் மேல்விஷாரத்துக்குப் போன் போட்டேன். காலையில்தான் சர்வரை மாற்றினார்களாம். புதுச் சாவியை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். என் திரையில் இருந்ததோடு பொருந்தியது. அனுப்பினேன்.

"பாத்தியா, ஒண்ணுமே இல்ல!" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார் மேனேஜர்.

சிரிக்கட்டும். ஒன்றுமில்லை என்பதே நான் கேட்டதால்தான் தெரிந்தது. அடுத்த தடவையும் கேட்பேன்.