கோமதி டாக்டரும் எழும்பாத இறக்கையும்

வெள்ளிக்கிழமை காலை ஆரியசாலையில் என் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது கோமதி டாக்டரின் கணவர் சேகர் சாரின் போன் வந்தது. "அண்ணாச்சி, கோமதி போயிட்டா" என்றார். கையில் மீதியிருந்த பூவை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. அந்த இரண்டு நாளுக்காக யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல், சரக்கு இறக்க வந்த லாரிக்காரரோடு போட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

கரமனையில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்த கோமதி டாக்டரை உங்களில் பலர் வாயைத் திறந்து வைத்தபடியேதான் பழகியிருப்பீர்கள். அந்த நாற்காலியில் ஒருமுறை சாய்ந்தவர்கள் அவர் சொல்லும் அந்த வார்த்தைகளை மறந்திருக்க முடியாது. "பேச வேண்டாம். வலிச்சா கையைத் தூக்குங்கோ, நான் நிறுத்திடறேன்." சொன்னபடியே நிறுத்தவும் செய்வார். முதல்முறை போனபோது, அவர் கண்ணாடியை எடுப்பதற்கு முன்பே நான் கையைத் தூக்கிவிட்டேன். "இன்னும் தொடவே இல்லையே அண்ணாச்சி! இத்தனை மெஷினுக்குச் சாமான் விக்கறவர் இப்படியா பயப்படுவா?" என்று சிரித்தார். என் கடையில் பேரிங், ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையங்கள், எண்ணெய் வகைகள் விற்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பழக்கம்தான் பின்னால் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது.

அவருடைய காரைப் பற்றி ஊரில் பேசாதவர்கள் இல்லை. அக்ரகாரத்தில் பிறந்த, ஐம்பதைத் தாண்டிய அம்மாள் ஒருவர், இரண்டே கதவுள்ள, தரையை ஒட்டிக் கிடக்கும் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டினால் பேசாமல் இருப்பார்களா? இருபது வருடம் பல் பிடுங்கிய பிறகு, கொச்சியில் ஒருவரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கணவர் சேகர் சாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பொன்முடி அடிவாரத்தில் கல்லாறு வரை போய், ஆற்றோரக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார். வழி முழுவதும் சேகர் சார் கண்ணை மூடிக்கொண்டு சகஸ்ரநாமம் சொல்வாராம். இந்த வயசில் இது தேவையா என்று ஒரு மாமி முகத்துக்கு நேராகவே கேட்டபோது, "பல்லைப் பிடுங்கறவளுக்கும் ஒரு சந்தோஷம் வேண்டாமா மாமி?" என்றாராம் டாக்டர்.

அந்தக் காரின் பின்புறம் ஒரு இறக்கை உண்டு. வேகம் கூடும்போது தானாக எழுந்து, காற்றை வாங்கி, பின்சக்கரங்களைச் சாலையோடு அழுத்திப் பிடிக்கும். நிற்கும்போது வேண்டுமானால் ஒரு சுவிட்சை அழுத்தியும் எழுப்பலாம். அதைத் தூக்குவது விரல் பருமனில் இரண்டு சிலிண்டர்கள். ஒரு சின்ன பம்பு அவற்றுக்குள் எண்ணெயைத் தள்ளும். ஒருநாள் அந்த இறக்கை கோணலாக எழுந்து பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளே எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் போய்விட்டன. ஒர்க்‌ஷாப்பில் மொத்தமாக மாற்றத்தான் வேண்டும் என்றார்கள்.

டாக்டர் கேட்கவில்லை. வீட்டு ஷெட்டிலேயே தானே கழற்றி, ஒரு சிலிண்டரைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பல்லைக் குத்திப் பார்க்கும் வளைந்த ஊசியால் வளையத்தை எடுத்தாராம். கைபோகாத இடத்தைக் கடைவாய்ப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தாராம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு தன் வலது கையை என் முன்னால் நீட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றியிருந்தது.

"நரம்பு டாக்டர் சொல்லிட்டார் அண்ணாச்சி. இதுக்கு மருந்து இல்லையாக்கும். முதல்ல கை, அப்புறம் கால், கடைசியில மூச்சு. இந்த மாசத்தோட ஆஸ்பத்திரியைச் சாத்தறேன். மனுஷா வாயில இனி இந்தக் கையை வைக்கப்படாது. கார் வாயில வைக்கலாம், அதுக்கு வலிக்காது. இந்தக் கையால கடைசியா ஒரு நல்ல வேலையைப் பண்ணி முடிச்சுடணும். அவ்வளவுதான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணும் ஆகாது டாக்டரே" என்றேன். வாய்க்கு வந்ததை உளறுவதில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா?

அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஜெர்மனியிலிருந்து வளையங்களை அனுப்பிவைத்தான். ஒரு ஞாயிறு முழுவதும் டாக்டர் தன் கையாலேயே பூட்டினார். நான் விளக்கைப் பிடித்தேன். கட்டைவிரல் நழுவும்போதெல்லாம் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி பிடிப்பார். தலைமயிர் கனத்தில் இருந்த வளையத்தின் விளிம்பு கொஞ்சமும் மடியாமல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. முப்பது வருடமாகச் சீல் விற்கிறேன், அப்படி ஒரு கைவேலையை நான் பார்த்ததில்லை. எண்ணெய் மட்டும்தான் பாக்கி. "நம்ம கடையில இல்லாத ஆயிலா டாக்டரே? நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் இருக்கத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

எங்கள் தெருவில் காலி பாட்டிலை யாரும் எறிய மாட்டோம். வாடிக்கையாளர் மிச்சம் என்று திருப்பித் தருவதையும் பீப்பாயிலிருந்து வடிப்பதையும் கையில் கிடைத்த பாட்டிலில் ஊற்றி வைப்போம். மேலே ஒட்டியிருக்கும் பெயருக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இருக்காது. இரண்டு விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய், இன்ன எண்ணெய் என்று சொல்லிவிடுவோம். அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அன்று எனக்குக் கடும் ஜலதோஷம். மூக்கு அடைத்திருந்தது. ஆனாலும் தேய்த்துப் பார்த்து, இதுதான் என்று ஒரு பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இறக்கை நேராக எழுந்தது. டாக்டர் சேகர் சாரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

பத்தே நாளில் அது எழும்பாமல் இறுகிவிட்டது. திறந்து பார்த்தால், ஊறப்போட்ட கொண்டைக்கடலைபோல வளையங்கள் உப்பிக் கிடந்தன. கடைக்கு ஓடிப்போய் அந்தப் பாட்டிலில் மிச்சமிருந்ததில் ஒரு சொட்டைத் தம்ளர் தண்ணீரில் விட்டேன். இறக்கைக்கு வேண்டிய எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். இது கரைந்தது. பிரேக் ஆயில். அது அந்த வகை ரப்பரைத் தின்றுவிடும் என்பது என் கடையில் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், "அந்த ஜெர்மன் கடைக்காரன் பழைய சரக்கை அனுப்பியிருப்பான் டாக்டரே" என்றேன். அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். "சாரமில்லை அண்ணாச்சி. மறுபடி வரவழைப்போம்" என்றார். போனால் போகட்டும் என்பதற்கு நம் ஊரில் எல்லோரும் சொல்கிற சொல்தான் அது. அவர் சொன்னால் உண்மையிலேயே போய்விட்டதுபோல இருக்கும்.

இரண்டாவது பார்சல் வர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரத்தில்தான் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழுக்கப் போயின. பார்சல் கவரை அவரால் பிரிக்க முடியவில்லை. வளைந்த ஊசியை எடுக்கப் பார்த்தார், விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, "இது என் கையே இல்லை அண்ணாச்சி. யாருதோ" என்று சொல்லி அழுதார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான்தான் டாக்டரே, என் பாட்டில்தான், உங்கள் கை இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டிய வேலை இது என்று காலில் விழுந்திருக்க வேண்டும். சேகர் சார் காபியோடு வந்தார். காபியை வாங்கிக் குடித்தேன். கோழை என்பதற்கு இதைவிட வேறு அர்த்தம் எனக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, நீங்க பண்ணுங்கோ. நான் சொல்றேன்" என்றார், சேகர் சாரிடம் தன் கண்ணைத் துடைக்கச் சொல்லிவிட்டு. அப்படி ஐந்து ஞாயிறு. அவர் சக்கர நாற்காலியில், நான் காரின் பின்னால் முழங்காலில். "அமுக்காதீங்கோ. ஈறுல கை வைக்கற மாதிரி வையுங்கோ." "விரல் நடுங்கறதே, சாப்பிட்டேளா?" "இப்ப மூச்சை விடாம, மெதுவா, கேட்டேளா, மெதுவா." என் விரல்கள் மூட்டை தூக்கிய விரல்கள். ஒரு வளையத்தைக் கிழித்தே விட்டேன். நல்லவேளை, இந்த முறை கூடுதலாக வரவழைத்திருந்தார். ஞாயிறு போக ஞாயிறு அவர் குரலும் இறங்கிக்கொண்டே வந்தது. நான்காம் வாரம் அவர் வாயருகே காதைக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு வந்துதான் அடுத்த திருகைத் தொட்டேன்.

கடைசி ஞாயிறு எண்ணெய் ஊற்றினோம். நான் சீல் உடைக்காத புது டின் கொண்டுபோயிருந்தேன். "மேல என்ன போட்டிருக்குன்னு உரக்க வாசியுங்கோ அண்ணாச்சி. மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடி நான் எப்பவும் வாசிப்பேன்" என்றார். டாக்டர்களின் வழக்கம் என்று நினைத்துக்கொண்டு வாசித்தேன். சேகர் சார் அவரைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். சுவிட்சை அழுத்த விரல் வளையவில்லை. மணிக்கட்டால் அழுத்தினார். இறக்கை நேராக, முழுசாக எழுந்தது. காபி குடித்து முடிப்பதற்குள் இடது பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்து வளையத்தை நான் அவசரப்பட்டுத் திணித்திருந்தேன்.

"சாரமில்லை" என்றார், ஏறக்குறைய சத்தமே இல்லாமல். "அடுத்த ஞாயிறு இடது பக்கத்தை மட்டும் கழட்டுவோம். சரியானா மூணு பேரும் கல்லாறு. நீங்க ஆட்டோவில பின்னாடி வாங்கோ, இதுல ரெண்டு சீட்டுதான்."

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

பதின்மூன்றாம் நாள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சேகர் சார் என்னைத் தனியே ஷெட்டுக்குக் கூப்பிட்டார். குழந்தைகளுக்குப் பல் பிடுங்கினால் அதை வீட்டுக்குக் கொண்டுபோக டாக்டர் ஒரு சின்னக் காகித உறை கொடுப்பாரே, அதில் ஒன்றை என் கையில் வைத்தார். உள்ளே உப்பிப்போன இரண்டு வளையங்கள். மலையாளப் பள்ளியில் படித்த இந்த ஊர்த் தமிழர்கள் பலரையும்போல டாக்டரும் தமிழை மலையாள எழுத்தில்தான் எழுதுவார். உறையின்மேல் எழுதியிருந்தது: 'பிரேக் ஆயில் பட்டு ஊறியது. அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டாம். தெரிந்தால் உடைந்துபோவார்.'

எழுத்து குண்டு குண்டாக, ஒரு நடுக்கமும் இல்லாமல் இருந்தது. ஏழு வாரம் கழித்து அவரால் பேனாவே பிடிக்க முடியவில்லை. அப்படியானால் உப்பியதைப் பார்த்தே புரிந்துகொண்டு, வளையத்தைக் கழற்றிய அன்றே எழுதியிருக்கிறார். நான் ஜெர்மன்காரன்மேல் பழியைப் போட்டபோது, என் முகத்தைப் பார்த்தபோது, காதருகே எனக்குச் சொல்லித் தந்தபோது எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் என் கையைத் தன் கையாக வைத்துக்கொண்டார்.

"சொல்ல வேண்டாம்னு எழுதியிருக்கா. நான் சொல்லிட்டேன். தப்பா?" என்று கேட்டார் சேகர் சார். உறையை மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கார் இன்னும் அந்த ஷெட்டில்தான் நிற்கிறது. இடது பக்கம் முழுதாகவே இறங்கிவிட்டது. என் கடையில் இப்போது பெயர் எழுதாத பாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. யார் வந்தாலும் உரக்க வாசித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். அந்த உறை என் மேஜை டிராயரில் இருக்கிறது. கோமதி டாக்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இரண்டு வளையங்களும், என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் எழுதிய அந்த வரிகளும்தான். அவரை அறிந்த உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.

வலிச்சா கையைத் தூக்குங்கோ என்றீர்கள். தொடுவதற்கு முன்பே தூக்கியவன், தூக்க வேண்டிய நேரத்தில் தூக்கவில்லை. இதோ, இப்போது தூக்குகிறேன் டாக்டரே. நிறுத்துவதற்குத்தான் நீங்கள் இல்லை.