அம்மா விழவில்லை

நாலாவதோடு என் படிப்பு நின்றது. கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

அறுபத்தேழு, அறுபத்தெட்டு வாக்கில் நாங்கள் தங்கச் சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட ஸ்கெலட்டன் லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குச் சுரங்க வேலை. அம்மாவை மூட்டுவாதம் பிடித்தது. விரல் வீங்கி, ஜாக்கெட் கொக்கியைக்கூட அப்பாதான் மாட்டிவிடுவார். ஆண்டர்சன்பேட்டை பஜாரில் ஒரு டாக்டர் குட்டி வெள்ளை மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் அம்மா தானே மாவு ஆட்டினாள். டாக்டர் தெய்வமானார். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அதே மாத்திரை. தெய்வம் ஒருநாளும் அவளைத் தொட்டுப் பார்க்கவில்லை. வாசலில் அப்பாவின் தலை தெரிந்ததும் பொட்டலம் தயாராகிவிடும்.

அம்மாவின் முகம் உருண்டது. "இன்னாக்கா, மாமா தெனமும் கறி எடுத்தாராரா? மூஞ்சி பூரியாட்டம் உப்பிகினு கீதே!" என்பாள் பக்கத்து வீட்டுச் சின்னம்மா. எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு காலை பூமி அதிர்ந்தது. சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் எங்கள் வீடுகளில் சட்டி பானை ஆடும். அதை ராக் பர்ஸ்ட் என்போம். அப்பா நைட் ஷிப்ட் முடித்து வீட்டில்தான் இருந்தார். ஆட்டம் நின்று எல்லோரும் மூச்சுவிட்ட பிறகு, அம்மா குடத்தைத் தூக்கத் திரும்பினாள். மளுக்கென்று ஒரு சத்தம். அப்படியே சாய்ந்தாள். இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

அதிர்வில் விழுந்துவிட்டாள் என்று லைனே முடிவு செய்தது. அம்மா மட்டும் கத்தினாள். "நான் எங்க விழுந்தன்? நின்னுகினு இருக்கசொல்லவே ஒடைஞ்சிது. ஒடைஞ்சப்புறம்தான் விழுந்தன்!"

மாவுக்கட்டோடு கிடந்தவளைப் பார்க்க வந்த டாக்டர் சிரித்தார். "பூமியே ஆடிச்சு, நீ எந்த மூலைக்கும்மா?" என்றார். அதே மாத்திரையை மறுபடி கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. சாகும்வரை, வந்தவர்களிடமெல்லாம் "நான் விழல" என்றாள். யாரும் நம்பவில்லை.

இப்போது எனக்கும் அதே வாதம். இன்று டாக்டரம்மா அதே குட்டி வெள்ளை மாத்திரையை எழுதும்போதே எலும்பைப் படம் எடுக்கச் சொன்னார். "ரொம்ப நாள் சாப்பிட்டா மூஞ்சி உப்பும், எலும்பு உள்ளயே அரிச்சிடும். கொஞ்ச நாள்தான் தருவேன். நீங்களா நிறுத்தவும் கூடாது" என்றார். இவ்வளவுதானே! இதைச் சொல்ல அந்தப் படுபாவிக்கு வாய் வலித்ததா? தெரிந்து மறைத்தானா, தெரியாமலே கொடுத்தானா? எதுவானாலும் நான் மன்னிக்கப் போவதில்லை.

அன்று சத்தம்தான் முதலில் வந்தது. பிறகுதான் அம்மா சாய்ந்தாள். பக்கத்திலேயே நின்று கேட்ட எனக்கு, எது முதலில் என்பதில் என்ன இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை; யாரிடமும் சொல்லவுமில்லை.

2009 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை.