சீராக வந்த ஓவன்

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஒருத்தி எனக்கு மருமகளாக வந்தாள். அவள் சீராகக் கொண்டுவந்த மின்சார ஓவன் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் சரியாகச் சூடேறவில்லை. கேக் நடுவில் மாவாகவே நின்றது.

"ஓட்டை ஓவன எங்க தலையில கட்டிட்டீகளே, சம்பந்தி" என்று நாலு பேர் முன்னால் அவள் அப்பாவிடம் கேட்டேன். அவர் இரண்டு முறை அதை பஸ்ஸில் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்.

"எங்க வீட்ல நல்லா சூடாகுதும்மா."

"அப்ப நான் பொய் சொல்லுதேனா?"

தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஒருநாள் நூல் வராததால், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் விசைத்தறிகள் ஓடாமல் நின்றிருந்தன. எப்போதும் மங்கலாக எரியும் பல்பு அன்று பளிச்சென்று எரிந்தது. மருமகள் வைத்த கேக் நன்றாக உப்பி வெந்தது.

"அத்த, தறி ஓடுறப்ப வோல்டேஜ் பத்தல. ஓவன்ல ஒரு கோளாறும் இல்ல" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா ஒரு புது ஓவனைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றார்.

"கேக்கு வாசம் வருதே?"

"பக்கத்து வீட்ல" என்று சொல்லி அதை வாங்கி உள்ளே வைத்தேன். மருமகள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அடக்கமான மருமகள் என்று தெருவே சொல்கிறது. நானும் ஆமாம் என்கிறேன்.