பின் சீட்டு நடுக்கம்

பாகூரில் அந்த அம்மாவிடம் டிரைவராக நான் வேலைக்குச் சேர்ந்தது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில். அதற்கு முன் கடலூர் ரோட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் கிருமாம்பாக்கம். பஸ்ஸென்றால் சாக்கு மூட்டை, கோழிக் கூடை, மீன் கூடை, அதன் நடுவில் மனிதர்கள். அப்படிப்பட்ட ஒன்றை ஓட்டிய கைக்கு, கப்பலில் வந்திறங்கிய புத்தம் புது பிரெஞ்சுக் கார் கிடைத்தது. முதல் நாள் அதன் கதவைச் சாத்தியபோது எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நல்ல பெட்டியை மூடினால் கேட்குமே, அப்படி ஒரு 'தொப்'.

அம்மாவுக்கு நெல்லும் கரும்புமாக நிறைய நிலம். புருஷன் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. களத்துமேட்டிலிருந்து கமிட்டி ஆபீஸ் வரைக்கும் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொண்டார். கார் வாங்கியது பகட்டுக்காக இல்லை. வில்லியனூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தபோது, வலி எடுத்து, கூண்டு வண்டியில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் பள்ளம். போய்ச் சேருவதற்குள் குழந்தை தங்கவில்லை. மகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்த வாரமே அம்மா கார் கடைக்குப் போய்விட்டார். வளைகாப்பு முடிந்ததும் மகளை அந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும் என்பது அவர் முடிவு.

கார் வந்த சில நாளில், ஏம்பலம் பக்கம் கரும்புத் தோட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டார்.

"ஏம்பா, வண்டி நடுங்குதே. உனக்குத் தெரியல?"

"இல்லீங்கம்மா. ரோடு மோசம். அதான் குலுக்குது."

"குலுக்கறது எனக்குத் தெரியாதா? மாட்டு வண்டியில குலுங்கியேதான் இந்த வயசு ஆவுது. இது வேற. கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. மெதுவாப் போனா இல்ல, கொஞ்சம் வேகம் எடுத்தா வருது, இன்னும் வேகம் எடுத்தா போயிடுது."

எனக்கு ஸ்டியரிங்கிலும் ஒன்றும் தெரியவில்லை, காலுக்கடியிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த அம்மா காரணமில்லாமல் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. மறுநாளே பாண்டிச்சேரிக்கு ஓட்டிப் போனோம்.

கார் கடை முதலாளி தமிழர்தான். வெள்ளைக் கோட்டு, நடு வகிடு, பேச்சில் பாதி பிரெஞ்சு. தம் ஆள் ஒருவனை விட்டுக் கடற்கரை வீதியில் ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். அவன் போய்வந்து, "மணி மாதிரி ஓடுது முதலாளி" என்றான். ஊருக்குள் அந்த வேகம் எடுக்கவே முடியாதே என்று நான் முணுமுணுத்தேன். என்ஜினைத் திறந்து பார்த்தார்கள், சக்கரத்தையெல்லாம் ஆட்டிப் பார்த்தார்கள்.

"மதாம், புது வண்டி. ஓட ஓடப் பழகிடும்" என்றார் முதலாளி.

"வண்டி பழகிடுமா, நான் பழகிடுவனா?" என்று அம்மா கேட்டார். முதலாளி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில், அரியாங்குப்பம் தாண்டியதும் அதே நடுக்கம் வந்திருக்க வேண்டும், பெருமூச்சு கேட்டது. வீடு வந்து இறங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு நடுக்கம் தெரியுது, ஆனா வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. உனக்கு வண்டி தெரியும், நடுக்கம் தெரியல. நீ பின்னால உக்காந்தாதானே உனக்குத் தெரியும்?"

"ஆமாங்கம்மா. ஆனா ஓட்டறதுக்கு வேற ஆள் வேணுமே. பாகூர்ல யாருக்குத் தெரியும்?"

"எனக்குக் கத்துக்குடு."

பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை பதறிப்போனார். "இன்னாம்மா இது! ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு எப்பவும் எதனா சொல்லிக்கினுதான் இருக்கும். மகள வண்டியில வெச்சி இட்டாரப் போறது ஊரு இல்ல, நானு."

அது கோடைக்காலம். பாகூர் ஏரி வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. விடிந்ததும் காரை ஏரிக்குள் இறக்குவோம். அம்மா வெள்ளைப் புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பார். முதல் நாள் கிளச்சைப் படக்கென்று விட்டதில் கார் தவளை மாதிரி தாவி நின்றது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறி ஓடின. நான் பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "இப்ப காலை எப்ப எடுத்திருக்கணும்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார்.

பஸ் கம்பெனியில் எத்தனையோ பேருக்கு நான் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். வண்டி நின்றுபோனால் எல்லோரும் வண்டியைத்தான் திட்டுவார்கள். திட்டாமல் கற்றுக்கொண்டவர் அவர் ஒருவர்தான். கரைமேல் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அவர்களுக்கும் சலித்துவிட்டது. அவர் ஏரித் தரையில் எட்டுப் போட ஆரம்பித்தபோது பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை.

கடைசியில் ஒரு காலைவேளை, "ரோட்டுக்குப் போலாமா?" என்றார்.

பின் கதவைத் திறந்து ஏறினேன். சம்பளம் கொடுப்பவர் முன்னால் ஓட்ட, நான் பின்னால் மெத்தையில் உட்கார்ந்து போவதா? நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"நல்லா சாஞ்சி உக்காருடா. நான் உக்கார்ற மாதிரி உக்காரு. இல்லன்னா உனக்கு எப்படித் தெரியும்?"

சாய்ந்தேன். காலைச் சமமாக ஊன்றினேன். கிருமாம்பாக்கம் பக்கம் கடலூர் ரோட்டில் ஏறியதும் அவர் வேகம் எடுத்தார். எதிரே வந்த கரும்பு வண்டிக்காரன் கயிற்றை விட்டுவிட்டு வாயைப் பிளந்தான். அப்போதுதான் வந்தது. உள்ளங்காலில் தொடங்கி முழங்கால் வரை ஏறியது. சத்தமில்லை, ஒரு நடுக்கம் மட்டும். அத்தனை நாளும் அந்த அம்மா இதைத் தனியாக உணர்ந்துகொண்டு, இல்லை இல்லை என்று சொன்ன எங்கள் எல்லோரிடமும் பொறுமையாகப் பேசியிருக்கிறார் என்று எனக்கு உறைத்தது.

"இருக்குதும்மா! இருக்குது!" என்று கத்தினேன்.

"அப்பாடா" என்றார் அவர். அவ்வளவுதான்.

"கியரை எடுத்துட்டு சும்மா உருள விடுங்கம்மா."

விட்டார். என்ஜின் சத்தம் அடங்கியது. நடுக்கம் அடங்கவில்லை. அப்படியானால் என்ஜினில் இல்லை. நான் தரையில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். சக்கரங்கள் இருக்கும் ஓரங்களைவிட நட்டநடுவில்தான் அதிகம் தெரிந்தது. முன்னாலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு அங்கேதான் ஓடுகிறது.

காரை வயல் பக்கம் கொண்டுபோய், காய்ந்த வாய்க்கால் ஒன்றின் இரு கரையிலும் சக்கரங்கள் நிற்கும்படி நிறுத்தினோம். நான் வாய்க்காலில் மல்லாந்து படுத்துக்கொண்டு கீழே ஊர்ந்தேன். தண்டு முழுக்க மசகும் சேறும் அப்பிக் கிடந்தது. துணியால் துடைத்துக்கொண்டே போனேன். பின்பக்கம், கைக்கு எட்டாத மறைவில், விரலில் ஏதோ இடறியது. ஒரு இரும்புப் பட்டை. கப்பலில் மரப்பெட்டிக்குள் கார் ஆடாமலிருக்கக் கட்டியது. மற்றதையெல்லாம் அறுத்தவர்கள் இதை மட்டும் தண்டிலேயே விட்டுவிட்டார்கள். இரண்டு சுற்று இறுகச் சுற்றி, முனையில் ஒரு முறுக்காணி துருத்திக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறிய தண்டு சுழன்றால் நடுங்காமல் என்ன செய்யும்?

"கெடச்சிதாடா?" என்று மேலே இருந்து குரல். பார்த்தால், புடவையெல்லாம் புழுதியாக அம்மா வாய்க்கால் கரையில் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறார்.

கொல்லரை வரவழைத்து உளி வைத்து வெட்டி எடுத்தோம். அன்று சாயங்காலம் நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து நல்லவாடு வரைக்கும் போய் வந்தோம். நடுக்கம் வரும் வேகத்திலேயே ஓட்டினேன். வீட்டு வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கன்னம் ஈரமாக இருந்தது. நான் பார்க்காததுபோல இறங்கிப் போய்விட்டேன்.

வளைகாப்பு முடிந்து மகளை வில்லியனூரிலிருந்து அழைத்துவந்தோம். பயத்தோடு ஏறி, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பெண், பாதி வழியில் அம்மா தோளில் தூங்கிப்போய்விட்டது. உரிய காலத்தில் அதே காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தையைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த அம்மா, "நீ பின்னால ஏறு" என்றார். பாண்டிச்சேரி வீதியிலா என்று நான் தயங்கினேன். அவர் அதற்குள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார். நேரே கார் கடை வாசலில் கொண்டுபோய் அலுங்காமல் நிறுத்தினார். முதலாளி ஓடிவந்து குனிந்து, "போன்ழூர் மதாம்" என்று பின் கதவைத் திறந்தார். உள்ளே நான்! கூச்சத்தோடு அவசரமாக இறங்கினேன்.

அம்மா முன் கதவைத் திறந்து இறங்கி, பட்டையை அவர் கையில் வைத்தார். எங்கே இருந்தது என்று நான் விளக்கினேன். முதலாளியின் முகம் வெளிறிப்போனது. அவர் பூசி மெழுகவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"தப்பு எங்க மேல, மதாம். நீங்க சொன்னப்பவே கீழ படுத்துப் பாத்திருக்கணும்."

"சரி, வுடுங்க. அடுத்து வர்ற வண்டியெல்லாம் கீழ பாத்துட்டுக் குடுங்க. அதுலயும் புள்ளத்தாச்சி ஏறுவா" என்றார் அம்மா. பிறகு பையிலிருந்து கற்கண்டு எடுத்து அவருக்கும் கடை ஆட்களுக்கும் கொடுத்தார். பேத்தி பிறந்த சந்தோஷம்.

திரும்பும்போது நான் ஓட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். இந்த முறை என்னை முன்னால் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஊரைத் தாண்டி ரோடு விரிந்ததும், எதிரில் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும், ஹாரனை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.