பாங்கொக் படிப்புக்கு ஒரு பாஸ்போட்

விசா எடுத்துக் கொடுக்கிற தொழிலில் கிடைக்கிற நல்ல பெயர் விமானம் ஏறிப் போய்விடும். கெட்ட பெயர் மட்டும் பதுளை பஸாரிலேயே தங்கிவிடும்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் நான் அந்தத் தொழிலில்தான் இருந்தேன். உடுப்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, மழைக்காலத்தில் எழுத்து ஒட்டிக்கொள்கிற ஒரு டைப்ரைட்டர். முதலாளி எந்நேரமும் கொழும்பில் இருப்பார். திட்டு வாங்குவதற்கு ஊரில் ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு நான். அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள்தான் அதிகம் வருவார்கள். வாழ்க்கையில் ஒரு நாளாவது விசா வரிசையில் நின்றவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை, நீங்களெல்லாம் நம்ம ஆட்கள். நிற்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

வேலைக்கென்று இல்லாமல் படிக்கவென்று விசா கேட்டு அந்தப் படியேறியவன் ஒரே ஒருவன்தான். அவன் படிக்க ஆசைப்பட்டது தாய்லாந்துக்காரர்களின் மொழி. சிரிக்காதீர்கள், காரணம் இருந்தது.

ஹாஜியாரின் யோசனை

பக்கத்துத் தெருவில் ஒரு ஹாஜியார் இரத்தினக்கல் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். மொனராகலைப் பக்கம் தோண்டியெடுக்கிற கல் அவரிடம் வரும். அதில் பால் கலந்த மாதிரி மங்கலாக ஒரு ரகம் உண்டு. முன்பெல்லாம் அதை யாரும் சீண்டமாட்டார்கள். தாய்லாந்துக்காரர்கள் வந்து அதை மலிவாக அள்ளிக்கொண்டு போய், சூட்டில் போட்டு எடுத்து, நல்ல நீலக்கல்லாக விற்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து ஹாஜியாருக்குச் சோறு இறங்கவில்லை. நேரே பாங்கொக்குக்கே கொண்டுபோய் விற்கலாம்தான். ஆனால் அங்கே பேரம் பேச ஆள் வேண்டுமே.

அந்த ஆள் அவர் கடையிலேயே இருந்தான். பெயர் பழனிவேல், ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவன், இருபத்தைந்து வயதிருக்கும். கல் வாங்க வந்த தாய்லாந்துக்காரர்களுக்கு வழிகாட்டியாகக் கூடவே சுற்றி, அவர்கள் பேச்சில் பாதியைப் பிடித்து வைத்திருந்தான். மீதியை முறையாகப் படிக்க ஹாஜியார் அவனை பாங்கொக்கில் ஒரு மொழிப் பள்ளிக்கு அனுப்புவதென்றும், படித்துவிட்டு வந்ததும் வியாபாரத்தில் பங்காளியாகச் சேர்த்துக்கொள்வதென்றும் பேச்சு. அவனைக் கூட்டிக்கொண்டு ஹாஜியாரே மூச்சு வாங்க மாடியேறி வந்தார். போகிறவன் அங்கேயே தங்கிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். தொழில் புத்தி, கேட்டுத்தான் ஆகவேண்டும். ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவன் ஓட மாட்டான் தம்பி. உம்மா, வாப்பா, தங்கச்சி எல்லாம் இங்கதானே. இவங்கள உட்டுட்டு எங்க போகப்போறான்?"

ஊவா மாகாணத்துக்கே ஒரு கோட்டு

விசாவுக்கு முதல் வேலை படம் பிடிப்பது. பஸார் ஸ்டூடியோவில் ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். அதோடு கழுத்துப் பட்டியும் தொங்கும். யாரோ ஒரு புண்ணியவான் ஒருகாலத்தில் போட்டுவிட்ட முடிச்சு, அவிழ்க்காமல் அப்படியே தலைவழியாக மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மெலிந்தவர்களுக்கு முதுகுப் பக்கம் துணி காயப்போடுகிற கிளிப்பால் இறுக்கிப் பிடித்து, முன்பக்கம் மட்டும் மாப்பிள்ளை மாதிரி ஆக்கிவிடுவார் ஸ்டூடியோக்காரர்.

பழனிவேலுக்கு நாலு கிளிப் தேவைப்பட்டது. படம் கைக்கு வந்ததும் வாசல் வெளிச்சத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அம்மாவுக்குக் காட்ட ஒன்று அதிகமாகக் கிடைக்குமா என்று கேட்டான். "எங்க குடும்பத்துல படிக்கிறதுக்குன்னு எந்த ஊருக்கும் யாரும் போனதில்லண்ணே" என்று என்னிடம் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. இந்தத் தொழிலில் அப்படிச் சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பயம். ஸ்டூடியோக்காரர் கோட்டை உதறி மறுபடி ஆணியில் மாட்டினார். "இந்தக் கோட்டு போகாத நாடில்ல. நான்தான் இன்னும் பண்டாரவளையத் தாண்டல" என்றார்.

எங்களுக்குத் தெரிந்த பாஸ்போட்

பள்ளியிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. "இனிப் பாஸ்போட் வேணும், அது இருந்தால்தான் விசாவுக்குப் போடலாம்" என்றேன். "அது ஒன்னும் கஷ்டமில்லண்ணே, எடுத்துட்டு வந்துடுறேன்" என்றான். இந்த நாட்டுப் பிரஜாவுரிமைப் பத்திரம் கையில் இருக்கிறதா என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் படியிறங்கிவிட்டான். குவைத்துக்குப் போகிற பெண்கள் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

தோட்டத்தில் பாஸ்போட் என்றால் எது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டன. அந்தச் சமயத்தில் கங்காணி சொன்னார் என்று லயம் லயமாக இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டார்கள். பழனிவேலின் அப்பா காளிமுத்துவும் குடும்பத்தோடு எழுதிப் போட்டிருந்தார். மகன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். பிறகு அவருக்கு மனது மாறிவிட்டது. இந்தியப் பாஸ்போட்டை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கண்டியில் இருக்கிற இந்தியத் தூதரகக் கிளையிலிருந்து கடிதம் வரும். போக விரும்பாதவர்கள் கண்டிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ஏனென்றால் அதைக் கையில் வாங்கிவிட்டால் நாடு விட்டுப் போகிற நாளையும் குறித்துவிடுவார்கள்.

பழனிவேல் நேரே கண்டிக்குப் போய், அந்தக் கடிதத்தைக் காட்டி, பாஸ்போட்டைக் கேட்டு வாங்கிவிட்டான். அவன் நினைப்பெல்லாம் பாங்கொக்கில் இருந்தது. பாஸ்போட் என்பது ஒரு புத்தகம், அதை வைத்திருப்பவன் விரும்பிய நாட்டுக்குப் போகலாம், அவ்வளவுதானே என்று எண்ணிவிட்டான். கிடப்பில் கிடந்த பழைய மனு அவனால் வெளியே வந்து, அப்பா, அம்மா, தங்கச்சி எல்லாருக்கும் சேர்த்தே பாஸ்போட் எழுதிவிட்டார்கள். அவன் அதை என் மேசையில் வைத்தான். இதை வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னான்: "நீங்க பாஸ்போட்டுன்னுதானேண்ணே கேட்டீங்க. எங்களுக்கு இந்த ஒரு பாஸ்போட்டுதாண்ணே தெரியும்."

காளிமுத்து

அடுத்த வாரமே காளிமுத்து வந்தார். வேலை நாளில் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக்கூடப் போகாமல் மலையிறங்கி வந்திருந்தார். அடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மனிதர் நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாக நின்றுகொண்டார். தோட்டத்துக் கந்தோருக்கு அறிவித்தல் வந்துவிட்டதாம், பேர் வெட்டப்போகிறார்களாம். பேர் வெட்டினால் வேலையும் இல்லை, குடியிருக்க லயத்துக் காம்பராவும் இல்லை.

இத்தனை வருஷம் எப்படித் தப்பித்தார் என்று அவரே சொன்னார். ஒரு தடவை காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். ஒரு தடவை மடுல்சீமையில் சாவு வீடு என்று சொல்லிவிட்டு அங்கே போய்த் தங்கிவிட்டார். அந்தப் பெயரில் இந்த லயத்தில் ஆளே இல்லை என்று கடிதம் கொண்டுவந்த பியோனிடம் இவரே சொல்லி அனுப்பியதும் உண்டு. இதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு, பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வழியுண்டா என்று கேட்டார். அப்படி ஒரு நடைமுறை இல்லை என்றேன். இதைச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் வேறு கொடுத்தார்கள். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "நாங்க படிக்காதவங்க, ஒளிஞ்சே காலத்த ஓட்டிட்டோம் ஐயா. எம்மகன் படிச்சவன், போயி கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்துட்டான்."

எந்த நாட்டுக்குத் திரும்புவீர்கள்?

ஆனாலும் முயற்சியை விடவில்லை. விசா கிடைத்தால் ஹாஜியார் எப்படியாவது அவனைத் திரும்பக் கூப்பிட வழி பார்ப்பார் என்று ஒரு நப்பாசை. பழனிவேலைக் கூட்டிக்கொண்டு நானே கொழும்பில் தாய்லாந்துத் தூதரகத்துக்குப் போனேன். வரிசையில் நின்று நின்று எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த அம்மாள் தாய்லாந்துக்காரர். பழனிவேல் இரண்டு கையையும் கூப்பி அவர் மொழியிலேயே வணக்கம் சொன்னான். அந்த அம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஏதோ கேட்டார், இவன் பதில் சொன்னான், மறுபடி கேட்டார், மறுபடி சொன்னான். பின்னால் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வேலை முடிந்தது என்றே நான் நினைத்துவிட்டேன். பள்ளிக் கடிதம் சரி, ஹாஜியாரின் பொறுப்புக் கடிதமும் சரி.

பிறகு அவர் பாஸ்போட்டைப் புரட்டினார். படிப்பு முடிந்ததும் எந்த நாட்டுக்குத் திரும்புவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதுளைக்கு என்றான். நாங்கள் கொழும்புக்கு வருவதற்குள்ளேயே அந்தப் புத்தகத்தில் இலங்கை அரசாங்கத்தின் ஒரு முத்திரை விழுந்திருந்தது. பிறந்த ஊரிலேயே இன்னும் கொஞ்ச காலம் இருந்துகொள்ளலாம் என்கிற அனுமதி அது. பழனிவேலுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் விசா அதுதான். வெளியே போனால் திரும்பி வர அதில் இடமில்லை. சரி, இந்தியாவில் விலாசம் என்ன என்று கேட்டார். திருச்சிப் பக்கம் என்று அப்பா சொல்வார், ஊர்ப் பெயர் தெரியாது என்றான். திரும்பிப் போக ஒரு நாடு காட்டாதவருக்குப் படிக்க விசா கொடுப்பதில்லையாம். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. காகிதங்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பித் தந்தார். "மிக நன்றாகப் பேசுகிறீர்கள். இந்தியாவில் குடியேறிய பிறகு அங்கிருந்து விண்ணப்பியுங்கள்" என்றார்.

மருமகன்

ஹாஜியார் இரண்டு மூன்று நாள் கணக்குப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, போட்ட காசு போகக்கூடாதே என்று தன் மருமகனை அனுப்ப ஏற்பாடு செய்தார். மருமகனுக்கு இந்த நாட்டுப் பாஸ்போட் இருந்தது, விசா ஒரே மூச்சில் வந்தது. அவன் புறப்படும்வரை அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பழனிவேல்தான். கடைக்குள்ளே தராசு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விலை கேட்பது எப்படி, குறைக்கச் சொல்வது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பான். மருமகன் கொட்டாவி விடுவான். எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. வழியில் கண்டபோது ஹாஜியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "பாஷ தெரிஞ்சவனுக்கு விசா இல்ல. விசா உள்ளவனுக்குப் பாஷ ஏறுதில்ல. நான் என்னத்தச் செய்ற, தம்பி?"

காலைக் கோச்சி

பதுளை ஸ்டேஷனில் அந்தக் காலத்தில் காலைக் கோச்சிக்குக் கூட்டம் நின்றால் பாதிப்பேர் பயணக்காரர்கள், மீதிப்பேர் அழவந்தவர்கள். காளிமுத்து குடும்பத்துக்கு ஒரு தகரப் பெட்டி, இரண்டு சாக்கு, அம்மி வேறு. தலைமன்னாரில் கப்பலேற வேண்டும், அம்மி எதற்கு என்று யாரோ கேட்டதற்குப் பழனிவேலின் அம்மா அதைச் சாக்கோடு சேர்த்து இன்னும் இறுக்கிக் கட்டினார். ஸ்பிரிங்வெளியிலிருந்து வந்த பெண்கள் தங்கச்சிக்காரியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். காளிமுத்து கோச்சியின் படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனோடு அவர் பேசி எவ்வளவு காலமோ தெரியாது.

பழனிவேல் என்னிடம் வந்து, சிரமம் கொடுத்துவிட்டேன் என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், வெட்கப்படவில்லை. கோச்சி ஊதியதும் அவன் அம்மா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கும்பிட்டு, வீடு விட்டுக் கிளம்புகிற எந்தப் பெண்ணும் சொல்கிறபடியே, "போயிட்டு வர்றோமுங்க ஐயா" என்றார். பக்கத்திலிருந்த பழனிவேல், கும்பிட்ட அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். சத்தம் போடாமல்தான் சொன்னான்: "வர்றோமுன்னு சொல்லாதம்மா. அதுக்குத்தான் நமக்கு விசா இல்லேன்னுட்டாங்க."

அதற்குப் பிறகும் அதே மேசையில் உட்கார்ந்து எத்தனையோ பேரை எத்தனையோ நாட்டுக்கு ஏற்றிவிட்டேன். பிறந்த ஊரில் இருப்பதற்கு ஒரு விசா எடுத்துத் தரச் சொன்னால் மட்டும், அந்த இலாகா நம்மிடம் இல்லை என்று சொல்லிவிடுவேன்.